சைனஸ் தளத்தை உயர்த்துதல்: பக்கவாட்டுச் சாளரமா, ஈறு முகடு வழியா?

மேல்தாடைக் கடைவாய்ப் பல் விழுந்து பல ஆண்டுகள் கழித்து, இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்துக்கொள்ள உதகையிலிருந்து கோவைக்கு இறங்கி வருபவரின் ஸ்கேன் படத்தில் மருத்துவர் முதலில் அளப்பது, மேல்தாடைக்கு மேலே காற்று நிறைந்திருக்கும் சைனஸ் அறைக்குக் கீழே எஞ்சியுள்ள எலும்பின் உயரத்தைத்தான். பல் போன இடத்தில் எலும்பு கரைவதோடு சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரிந்துவிடுவதால், சிலருக்கு 3 அல்லது 4 மி.மீ. எலும்பே மிஞ்சியிருக்கும். இம்பிளான்டைத் தாங்க அது போதாது என்பதால், சைனஸின் தளத்தை மேலே உயர்த்துவார்கள். அதற்கு இரண்டு வழிகள்: கன்னப்பக்கம் எலும்பில் சாளரம் திறப்பது, அல்லது பல் இருந்த ஈறு முகட்டின் வழியே போவது.

சாளர முறை 1970களில் உருவானது. கன்னப்பக்கம் ஈறை விலக்கி, எலும்பில் சிறு சாளரம் திறந்து, உள்ளே முட்டையின் உட்தோல் போல் ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழியாமல் மெல்ல மேலே தள்ளி, அடியில் எலும்புத் துகள்களை நிரப்புவார்கள். சவ்வு பெரும்பாலும் 1 மி.மீ. தடிமன்கூட இருக்காது என்பதால், அது கிழிவதே இம்முறையில் அதிகம் நேரும் சிக்கல். சிறு கிழிசலைக் கொலாஜன் என்ற புரதத்தாலான படலத்தால் மூடிவிடலாம். பெரிதானால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே நல்லது. அதிர்வலைக் கருவியால் எலும்பை வெட்டினால் கிழிசல் குறைகிறது. எலும்பு மிகக் குறைவாக இருந்தால், துகள்கள் இறுகும்வரை 6 முதல் 9 மாதங்கள் பொறுத்த பிறகே இம்பிளான்ட் வைப்பார்கள்.

பல் மருத்துவர் சம்மர்ஸ் 1994இல் விவரித்த முகடு வழி முறையில் தனிச் சாளரம் கிடையாது. இம்பிளான்டுக்கான துளையின் வழியாகவே உளி வைத்துத் தட்டித் தளத்தை உயர்த்துவார்கள். வீக்கம் குறைவு, பெரும்பாலும் அன்றே இம்பிளான்டும் வைத்துவிடலாம். ஆனால் கிடைக்கும் உயரம் ஏறத்தாழ 3, 4 மி.மீ.தான், சவ்வு கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தட்டும் அதிர்வால் சிலருக்குச் சில நாட்கள் தலைசுற்றலும் வரும்.

5 மி.மீ.க்கு மேல் எலும்பு இருந்தால் முகடு வழியே போதும் என்பது என் கருத்து. 4 மி.மீ.க்குக் கீழே, அறுவைக்கு அஞ்சிச் சாளரத்தைத் தவிர்ப்பது இம்பிளான்டின் பிடிப்பையே பலியிடுவதாகும். 6, 7 மி.மீ. இருப்பவர்கள், குட்டை இம்பிளான்ட் வைத்து அறுவையையே தவிர்க்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

மலைவாசிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அறுவைக்குப் பின் சில வாரங்கள் விமானத்தில் ஏற வேண்டாம் என்பார்கள். ஆனால் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் காற்றழுத்தம், விமானத்தின் உள்ளறை அழுத்தத்துக்கு ஏறக்குறைய இணையானது. கோவையைவிட அங்கே அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வீக்கத்தால், மூக்கினுள் திறக்கும் சைனஸின் வாய் அடைபட்டிருக்கும்போது மலையேறினால், உள்ளே விரியும் காற்று புண்பட்ட சவ்வை அழுத்தக்கூடும். வீக்கம் கூடுதலாக இருக்கும் சாளர முறைக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும் என்பதால், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே எப்போது மலையேறலாம் என்று கேட்டு, அதுவரை சமவெளியில் தங்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும். குளிர்காலச் சளி பிடித்திருந்தால், அது முழுவதும் குணமாகும்வரை எந்த முறையானாலும் தள்ளிப்போட வேண்டும்.