கச்சேரியடித் தட்டச்சுக் கடைகள்: இந்தியாவிலிருந்து திரும்பியவர்களுக்கு எதுவரை உதவும்?

திருகோணமலைக் கச்சேரியையும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகங்களையும் அண்டியுள்ள தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடைகளின் சேவையை ஒரே ஒரு அலுவலை வைத்து இங்கே மதிப்பிடுகிறோம். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருந்து தென்னமரவாடி, குச்சவெளி, மூதூர்ப் பக்கம் திரும்பும் குடும்பங்கள் அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமையும் அடையாள அட்டையும் எடுக்கிற அலுவல் அது. தட்டச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இந்தக் கடைகளை நம்பிப் போகலாம். பிரஜாவுரிமை பற்றிய ஆலோசனைக்குப் போக வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். குடிவரவுத் திணைக்களத் தலைமையகம் உள்ள பத்தரமுல்லையில் இருந்து சிங்களத்தில் வரும் கடிதத்தை வாசித்து, எந்தக் கடதாசி குறைகிறது என்று உடனே சொல்லக்கூடியவர்கள் இந்தக் கடைகளில் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் முத்திரையும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தபின் காசு கொடுங்கள். கடைக்காரரே மொழிபெயர்த்து அடித்துத் தருவது கந்தோரில் செல்லாது.

அதிகம் பிழைக்கும் இடம் பெயர். தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் ‘கந்தையா செல்வராசா’ என்றிருக்கும். முகாம் பதிவில் ‘க. செல்வராஜ்’, பிள்ளையின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் ‘செல்வராஜன்’. திறமான கடைக்காரர் எல்லாக் கடதாசியையும் மேசையில் பரப்பி, எல்லா வடிவங்களையும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு குறித்து, மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரே சத்தியக்கடதாசி அடிப்பார். தகப்பன் உயிரோடிருந்தால் அவரே சமாதான நீதவான் முன்னால் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனித்தனிச் சத்தியக்கடதாசி அடித்துத் தனித்தனியாகக் காசு வாங்கும் கடையை விட்டு விலகுங்கள். செலவு ஒருபுறம் இருக்க, நாலு கடதாசி நாலு விதமாய்ப் பேசினால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் கூடும்.

அடுத்தது ‘இனம்’ என்ற கட்டம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தாய், தகப்பன் இருவருடைய இனமும் பதியப்படுகிறது. அதற்குக் கீழே பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கும் கட்டம். தகப்பன் இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனார் எங்கே, எந்த ஆண்டு பிறந்தார் என்று இன்னொன்று. இந்தக் கேள்விகள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருந்து வந்தவை. மண்ணில் பிறந்தது போதாது, தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமலே மலையகத் தமிழர் (தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியினர்; கடதாசியில் ‘இந்தியத் தமிழர்’) ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கட்டங்களை இன்றும் நிரப்புகிறோம். கடைகளில் பலர் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்பதைக் கேட்காமலே அடித்துவிடுகிறார்கள். இந்தியாவில் பிறந்த பிள்ளை என்றதும் ‘இந்தியத் தமிழர்’ என்று போடுவதும் உண்டு. இது பெரிய பிழை. பிறந்த நாடு வேறு, இனம் வேறு. பெற்றோரின் சான்றிதழில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுத வேண்டும். மாறினால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பே கேள்விக்குள்ளாகும்.

திருகோணமலையில் இந்தக் கட்டத்துக்குத் தனிக் கனம் உண்டு. 1881 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் சிங்களவர் நூற்றுக்கு நான்கு அளவில் இருந்தார்கள். 1981இல் மூன்றிலொரு பங்கு. கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்கள் இதற்கு முக்கிய காரணம். அங்கே வந்த ஏழை விவசாயிகள் மீது எங்களுக்குக் குறையில்லை. அவர்களை அரசே கொண்டுவந்து காணியும் உத்தரவுப்பத்திரமும் கையில் கொடுத்தது. வன்முறைக்கு அஞ்சி இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவரோ திரும்பிவந்து தன் வம்சத்தை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் இடப்பெயர்வுதான். ஒன்றுக்கு மட்டும்தான் சந்தேகம் காத்திருக்கிறது.

கடைக்காரர்களுக்குச் சட்டம் பழையபடியே நினைவிலிருக்கிறது என்பது அடுத்த குறை. தகப்பனின் கடதாசி இல்லை என்றால் ‘சரிவராது’ என்று திருப்பிவிடுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு தாயின் வழியாகவும் பிரஜாவுரிமை கிடைக்கும். முகாம் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட குடும்பங்களுக்கு இது உயிரான விடயம். தாயின் பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். 1960க்குப் பிந்திய பிறப்புப் பதிவுகளின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். பிறந்த ஊருக்கே அலைய வேண்டியதில்லை.

77ஆம், 83ஆம் ஆண்டுக் கலவரங்களில் தோட்டங்களை விட்டு வடகிழக்குக்கு வந்து, பிறகு தமிழகம் போன மலையகக் குடும்பங்களுக்கு வழியே வேறு. அவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் உரியது. இந்தியாவுக்குப் போய்விட்டதால் இங்கே வசிக்கவில்லை என்ற தடையை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. இந்தக் குடும்பங்களையும் வழமையான வம்சாவளிப் பதிவு விண்ணப்பத்திலேயே போடும் கடைகள், காசை வாங்கிக்கொண்டு நிராகரிப்புக் கடிதத்தைத்தான் வாங்கித் தருகின்றன.

சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழ் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அது வேறு, பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேறு. இரண்டாவது கையில் வந்தபிறகே கிராம சேவகரிடம் அடையாள அட்டைக்குப் போகவேண்டும். பதினைந்து வயது நிரம்பினால் விண்ணப்பிக்கலாம். பிறந்து ஓராண்டுக்குள் பிரஜாவுரிமைக்குப் பதியாதவர்கள் தாமதத்துக்கான காரணத்தை முகாம் பதிவு ஆதாரத்தோடு எழுத வேண்டும், தண்டப்பணமும் கட்ட வேண்டும்.

வள்ளத்தில் போனதை மறைத்து ‘விமானத்தில் போனோம்’ என்று அடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் ஒரு வரிகூட அடிக்கக் கொடுக்காதீர்கள். 2025 மே மாதம் தமிழகத்தில் இருந்து திரும்பிய முதியவர் ஒருவர், முறையான பயண ஆவணம் இன்றி நாட்டைவிட்டுப் போனதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைதானது எல்லோருக்கும் தெரியும். பயம் நியாயமானது. ஆனாலும் பொய்ச் சத்தியக்கடதாசி தனிக் குற்றம். போன வழியைப் பற்றிக் கேள்வி வரும் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் முதலில் பேசுங்கள்.

கடைக்குள் போகுமுன் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் என்னென்ன தேவை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்; அதற்குக் காசில்லை. அந்தத் தாளைக் காட்டி, தட்டச்சுக்கு எவ்வளவு, மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாக விலை கேளுங்கள். ‘மொத்தமாகப் பார்த்துத் தாறன்’ என்பவரிடம் கொடுக்க வேண்டாம். மூலப் பிரதியை ஓர் இரவுகூடக் கடையில் விடாதீர்கள். முகாம் அடையாள அட்டை தொலைந்தால், இங்கிருந்து மறுபிரதி எடுப்பது மிகக் கஷ்டம்.