ஐடிலில் அணையும் பழைய ஜிப்சி: கார்புரேட்டரைச் சர்வீஸ் செய்வதா, மாற்றுவதா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை வட்டார ரப்பர் தோட்டச் சாலைகளில் ஓடும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) வகை மாருதி ஜிப்சி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அதாவது ஐடிலில், அணைந்துபோனால், எடுத்த எடுப்பில் புதிய கார்புரேட்டர் வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு என்பதே என் கருத்து.

சர்வீஸ் என்பது வெறும் கழுவல் அன்று. ஐடிலுக்கான பெட்ரோல் செல்லும் நுண்துளைப் பாகமான ஐடில் ஜெட்டைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தாமல், காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சாவியைத் திருப்பியதும், ஐடிலுக்கான பெட்ரோலைத் திறந்துவிடும் மின்வால்வான சொலினாய்டு வால்வு ‘டிக்’ என்று ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும்; ஒலிக்காவிட்டால் அதன் வயரையும் எர்த்தையும் பார்க்க வேண்டும் (குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளில் களிம்பேற்றுவது புதிதல்ல). இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டரின் அடியில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, இன்ஜின் ஓட்டத்தின் வேகம் மாறினால், அங்கே வெளிக்காற்று உள்ளே கசிகிறது என்று பொருள். தெளிப்பான் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் சூடான சைலன்சர் குழாயின் பக்கம் கவனம் தேவை.

ஆக்சிலேட்டரோடு திரும்பிக் காற்றின் அளவை மாற்றும் த்ராட்டில் தண்டு தேய்ந்து, விரலால் அசைத்தாலே ஆடுமானால், எத்தனை சர்வீஸ் செய்தாலும் ஐடில் நிலைக்காது; அப்போது மாற்றுவதுதான் வழி. ஆனால் இன்ஜினின் உறிஞ்சல் செல்லும் வேக்கூம் குழாய்கள் பழசாகிக் கசிந்தால், அவற்றை அப்படியே விட்டுவைத்தால் புதிய கார்புரேட்டரும் அணையும்.