பெருந்திணைக்கு ஒரு பியானோ: டிரெஸ்டன் டால்ஸின் முதல் ஆல்பம்

நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் இந்த ஆல்பத்தை ஸ்பீக்கரில் போடாதீர்கள். நான் போட்டேன். மூன்றாவது பாட்டு ஆரம்பித்ததும் நண்பர் ஒருவர், “குழந்தைப் பாட்டா இது, நல்லா இருக்கே” என்று தாளம் போட்டார். ஒரு நிமிடம் கழித்து வரிகள் காதில் விழுந்தன. தாளம் நின்றுவிட்டது, அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டிரெஸ்டன் டால்ஸ் என்பது இரண்டே பேர். பியானோவும் குரலும் அமாண்டா பால்மர், டிரம்ஸ் பிரையன் விக்லியோன். இருவரும் 2000ல் ஒரு ஹாலோவீன் விருந்தில் சந்தித்து பாஸ்டனில் தொடங்கிய குழு இது. இந்த முதல் ஆல்பத்தை 2003ல் தங்கள் சொந்த லேபிளில் போட்டார்கள், அடுத்த வருடம் ரோட்ரன்னர் அதை மறுபடி வெளியிட்டது. ரோட்ரன்னர் என்றால் மெட்டல் இசைக்குப் பேர்போன லேபிள், அங்கே போய் முகத்தில் வெள்ளை பூசிய ஒரு பியானோக்காரி! பத்திரிகைக்காரர்கள் தங்களை ‘காத்திக்’ (இருட்டும் சோகமும் பூசிய இசை) என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று பயந்து பால்மர் முந்திக்கொண்டு வைத்த பெயர் ‘ப்ரெக்டிய பங்க் காபரே’. பங்க் என்றால் முரட்டு ராக், காபரே என்றால் மதுவிடுதி மேடைப் பாட்டு. வெறும் விளம்பரப் பெயராக அது எனக்குத் தோன்றவில்லை. 1928ல் பெர்லினில் நாடகாசிரியர் ப்ரெக்டும் இசையமைப்பாளர் குர்ட் வைலும் மேடையேற்றிய இசை நாடகத்தில் கொலையையும் திருட்டையும் துள்ளலான மெட்டில் பாடுவார்கள். மெட்டு சிரிக்கும், வரி கடிக்கும். இந்த ஆல்பம் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வாலைத்தான்.

சொல்ல வந்தது இதுதான். ‘தகாத ஆசை’ என்று சொன்னாலே நாம் படுக்கையறையை நினைத்துக்கொள்கிறோம். இந்த ஆல்பத்தில் அதைவிடக் கூச்சமான ஆசைகள் வருகின்றன. பதிலுக்கு எதுவும் கேட்காத ஒரு துணை வேண்டும், பெற்றவரை உடம்பிலிருந்தே வெட்டி எடுத்துவிட வேண்டும், விட்டுப்போனவன் வண்டியில் நம் வண்டியைக் கொண்டுபோய் மோத வேண்டும். இதையெல்லாம் நாம் வெளியே சொல்வதில்லை. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பால்மர் அந்த வெளித்திண்ணையில்தான் பியானோவைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

‘காயின் ஆப்பரேட்டட் பாய்’ இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு. காசு போட்டால் ஓடும் பொம்மைப் பையன், அவனோடு ஒரு பெண். சண்டை கிடையாது, ஏமாற்றம் கிடையாது, அலமாரியில் வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சாவி கொடுத்த பொம்மை நடப்பது மாதிரி மெட்டு. நடுவில் கீறல் விழுந்த தட்டு மாதிரி குரலும் பியானோவும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு ‘எனக்கு வேண்டும், எனக்கு வேண்டும்’ என்று திக்குகின்றன. முதல் தடவை கேட்டபோது ஃபைலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திரும்ப இறக்கினேன். பிறகுதான் புரிந்தது, பொம்மை ஒழுங்காகத்தான் ஓடுகிறது, பழுதாகி நிற்பது அவள். இன்னொரு இடத்தில், இந்தப் பகுதியை உங்கள் மனதை இளக்கத்தான் எழுதியிருக்கிறேன் என்று பாட்டுக்குள்ளேயே போட்டு உடைக்கிறார். கூத்தில் கட்டியங்காரன் நடுவில் திரும்பி நம்மிடம் பேசுவானே, அப்படி. அதைக் கேட்ட பிறகும் மனம் இளகத்தான் செய்கிறது, அதுதான் எரிச்சல்.

ஆனால் என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சம் ‘ஹாஃப் ஜாக்’. ஜாக் என்பது அப்பா. தனக்குள் பாதி அவர்தான் இருக்கிறார், எவ்வளவு வேகமாக ஓடினாலும் பின்னாலேயே உருண்டு வருகிறார். ஜாக்கும் ஜில்லும் மலையேறிய குழந்தைப் பாட்டை இந்த இடத்தில் இப்படித் திருப்பிவிட முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கிட்டத்தட்ட முணுமுணுப்பில் தொடங்குகிறது. விக்லியோன் டிரம்ஸை அடிக்காமல் தடவிக்கொண்டே இருக்கிறார், இருக்கிறார், உங்களுக்குப் பொறுமை போகிற நேரத்தில் மொத்தமும் இடிந்து விழுகிறது. இந்த மனிதர் உடன் வாசிப்பவராக வாசிப்பதே இல்லை, பியானோவோடு சண்டைக்கு நிற்கிறார். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்து ஒரு நொடி திடுக்கிட்டவர்களுக்கு இந்தப் பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மூன்றாவது பாட்டுக்கு வருகிறேன். ‘மிஸ்ட் மீ’. சிறுமிகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது பாடும் சீண்டல் பாட்டு ஒன்றை எடுத்து, எல்லை மீறிய ஒரு பெரியவனின் கதையாக ஆக்கியிருக்கிறார். அவன் கடைசியில் போய்ச் சேருவது சிறைக்கு. ‘ஸ்லைடு’ம் அதே திடல்தான்: சறுக்குமரத்தின் மேல் ஒரு குழந்தை, கீழே காத்திருக்கும் ஓர் ஆள், ஆபத்து நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் ‘ஸ்லைடு’ நேர்மையான பாட்டு என்று நினைக்கிறேன். ‘மிஸ்ட் மீ’ தன் சாமர்த்தியத்தைத் தானே கொஞ்சம் ரசிக்கிறது, வேகத்தைக் கூட்டிக் குறைத்து வித்தை காட்டுகிறது, அந்த விஷயத்துக்கு அத்தனை வித்தை வேண்டுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. இந்த மாதிரிக் கதைகள் கேட்கவே முடியாது என்பவர்கள் தயங்காமல் இரண்டையும் தாண்டிவிடுங்கள். நகத்தையும் தோலையும் பிய்த்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிய ‘பேட் ஹாபிட்’டும் சிலருக்கு ஆகாது.

குறை இல்லாமல் இல்லை. நடுப்பகுதி தொய்கிறது. ‘672’ ஒரு துண்டு, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. ‘கிராவிட்டி’ எத்தனை முறை கேட்டும் மனதில் ஒட்டவில்லை. பால்மருக்குக் கத்தல் கைவந்த கலை, அதனால் எங்கே கத்தக் கூடாது என்பது சில சமயம் மறந்துவிடுகிறது. ‘கேர்ள் அனாக்ரோனிசம்’ மூச்சுவிடாமல் கொட்டும் பாட்டு, காலையில் கேட்டால் காபி தேவைப்படாது, ராத்திரி கேட்டால் தூக்கம் போய்விடும். ‘தி பெர்ஃபெக்ட் ஃபிட்’ இதற்கு நேர்மாறு. தனக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று ஒருத்தி அடக்கமாக அடுக்கிக்கொண்டே போகிறாள், பட்டியல் நீள நீள அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை என்பது வெளியே வருகிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

சிரிக்கவும் இடம் இருக்கிறது. ‘தி ஜீப் சாங்’கில் பழைய காதலன் ஓட்டுவது கறுப்பு ஜீப். பாஸ்டனில் பாதிப் பேர் அதே ஜீப்பைத்தான் வைத்திருக்கிறார்கள் போல, ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பழைய ரேடியோ பாப் மாதிரி கொஞ்சலான மெட்டில் இதைப் பாடுகிறார்.

கேட்பதானால் ஹெட்ஃபோனில், வரிசை மாற்றாமல், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒதுக்கிக் கேளுங்கள். காரணம் கடைசிப் பாட்டு ‘ட்ரூஸ்’. முதல் பாட்டு ‘குட் டே’யில் பல்லைக் கடித்துக்கொண்டு ‘இன்று எனக்கு நல்ல நாள்’ என்று சொன்னவள், பதினோரு பாட்டுகளுக்குப் பிறகு இங்கே சமாதானம் பேச வருகிறாள். பிரிந்தாகிவிட்டது, சரி, உலகத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம். லண்டன் உனக்கு, நியூயார்க் எனக்கு. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா எல்லாம் நீயே வைத்துக்கொள், அந்த ஒரு காபிக்கடைப் பக்கம் மட்டும் வந்துவிடாதே என்கிறாள். இந்தப் பாகப்பிரிவினையில் நாமெல்லாம் அவன் பங்குக்குப் போய்விட்டோம், ஒரு காபிக்கடைக்காக.