பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் கட்டுவதற்கு முன் படியுங்கள். கட்டியாகிவிட்டது என்றால் பிள்ளை விமானம் ஏறுவதற்கு முன் படியுங்கள்.

காரைக்குடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட்டுக்குப் பதிவு, பான் கார்டு, இதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன எத்தனையோ பேருக்கு நான்தான் தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் தங்கச்சி மகனுக்கு வந்த வேலைக் கடிதத்தை என் கடைப் பிரிண்டரிலேயே கலரில் அடித்து, கவரில் போட்டு, அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். அந்தக் கடிதத்தில் கம்பெனி முகவரி என்று இருந்தது “பாங்காக், தாய்லாந்து” என்ற இரண்டே வார்த்தை. தெரு இல்லை, கதவு எண் இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு 24 வயசு. பி.எஸ்.ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு ஒரு செல்போன் கடையில் மாசம் 11,000 ரூபாய்க்கு நின்றான். அப்பா இல்லாத பிள்ளை. தங்கை ஒருத்தி கல்யாணத்துக்கு இருக்கிறாள். 2024 தீபாவளிக்கு முன்னால்தான் அந்த ஏஜென்ட் தங்கச்சி வீட்டுக்கு வந்தார். வெளியூர் ஆள் இல்லை. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை எடுத்துக் கொடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டு முகப்பை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் நடத்தினார். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சுவரில் பழைய படங்கள். அந்த முகப்பில் உட்கார்ந்து பேசினால் பொய் என்ற நினைப்பே வராது. இப்போது யோசித்தால், அந்த வீட்டின் மதிப்பைத்தான் அவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார்.

வழக்கு நடக்கிறது. அதனால் பெயர் எழுதவில்லை.

வேலை டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட் என்றார். சம்பளம் 75,000, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். இன்டர்வியூ டெலிகிராமில் பத்து நிமிஷம் நடந்தது. எவ்வளவு வேகமாக டைப் அடிப்பாய், இங்கிலீஷ் எழுத வருமா, பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தங்கச்சி 5 பவுன் சங்கிலியை அடகு வைத்து இரண்டு தவணையாக 2,10,000 ரூபாய் கொடுத்தாள். பணம் ஏஜென்ட் கணக்குக்குப் போகவில்லை. அவர் சொன்ன வேறு மூன்று பேர் நம்பருக்கு ஜிபேயில் போனது. ரசீது கேட்டதற்கு, “நமக்குள்ள எதுக்கு மாமா ரசீது” என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கேட்டேன். “விசா?” “தாய்லாந்துக்கு இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், போனபிறகு கம்பெனி மாத்திக்கும்” என்றார். பாதி உண்மை. விசா இல்லாமல் 60 நாள் இருக்கலாம் என்று அப்போது இருந்தது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுத்த சலுகை. வேலை பார்ப்பதற்குத் தனி விசாவும் தாய்லாந்து அரசின் வேலை அனுமதியும் வேண்டும். ஒரு கம்பெனி உண்மையிலேயே ஆள் எடுக்கிறது என்றால் அந்த விசாவுக்கான தாளை முன்னாலேயே அனுப்பும். இது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். நம்ம ஊர்க்காரர், நாலு பேருக்கு நல்லது செய்கிறவர் என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது.

பிள்ளையார்பட்டியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, திருச்சியில் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். கோலாலம்பூரில் விமானம் மாறி பாங்காக் போய் இறங்கினான். “மாமா, கார் வந்திருக்கு” என்று ஒரு மெசேஜ் வந்தது. அதோடு சரி.

அந்தக் கார் பாங்காக் நகருக்குள் போகவே இல்லை. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வடமேற்கே மேசாட் என்ற எல்லை ஊருக்குப் போயிருக்கிறது. அங்கே மோய் என்று ஒரு ஆறு. இந்தக் கரை தாய்லாந்து, அந்தக் கரை மியான்மரின் மியாவடி. இருட்டில் படகில் ஏற்றியபோதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அக்கரையில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். மதில் சுவர், முள்கம்பி, உள்ளே விடுதியும் அலுவலகமும். “உன்னைக் காசு கொடுத்து வாங்கியிருக்கோம், ஒரு வருஷம் உழைச்சுக் கழி, இல்லாட்டி 5,000 டாலர் கட்டு” என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை என்னவென்றால், பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து வெளிநாட்டில் தனியாக இருக்கிற ஆண்களோடு வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, பிறகு கிரிப்டோவில் பணம் போட வைப்பது. தினமும் 16 மணி நேரம். டார்கெட் முடிக்காவிட்டால் சாப்பாடு கிடையாது. வெயிலில் ஓடவிடுவார்கள். ஷாக் வைத்த கதையையும் சொன்னான். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

பதினைந்து நாள் கழித்துத்தான் முதல் போன் வந்தது. நல்லா இருக்கேன், வேலை நல்லா இருக்கு, சாப்பாடு நல்லா இருக்கு என்று ஒப்பிக்கிற மாதிரி பேசினான். கடைசியில், “அப்பத்தா எப்படி இருக்காக? மாத்திரை ஒழுங்காச் சாப்பிடச் சொல்லுங்க” என்றான். தங்கச்சி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அவன் அப்பத்தா செத்து நாலு வருஷம் ஆகிறது. கொள்ளி வைத்தவனே அவன்தான். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருத்தன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததால், பிள்ளை அப்படித்தான் சொல்ல முடிந்தது. “சாப்பிடுறாகடா, நான் பார்த்துக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். போனை வைத்ததும் தங்கச்சி, “அண்ணே, பிள்ளையை எங்கண்ணே வித்தாக?” என்று கேட்டாள். அவள் கேட்ட அந்த வார்த்தைதான் சரியான வார்த்தை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. புகார் என்று போன ஓர் இடத்தில், “அவனாத்தானே ஆசைப்பட்டுப் போனான்? யாரு கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போனாக?” என்று கேட்டார்கள். சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். வெளியே தெரிந்தால் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சிக்கல், பேசாமல் இருங்கள் என்றார்கள். நாங்களும் நம்பிப் பேசாமல் இருந்தோம். பத்து நாள் போயிற்று. அந்தப் பத்து நாளும் அவன் அங்கே அடி வாங்கினான்.

சம்மதித்துப் போனான் என்பதால் அது ஆள் கடத்தல் இல்லை என்று ஆகிவிடாது. நம் சட்டத்திலேயே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 143வது பிரிவு: ஏமாற்றியோ, மிரட்டியோ, ஆசை காட்டியோ, சுரண்டுவதற்காக ஒருவரை ஆள் சேர்த்தாலும், கொண்டுபோனாலும், ஒப்படைத்தாலும் அது கடத்தல். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் இல்லை என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒருவரைக் கடத்தினால் குறைந்தது 7 வருஷம். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் குறைந்தது 10 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். உலக அளவில் 2000ஆம் வருஷம் ஐ.நா. கொண்டுவந்த பலேர்மோ உடன்படிக்கை சொல்வதும் இதைத்தான். 2011இல் இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. ஒரு வக்கீல் தம்பி இதை எடுத்துக் காட்டியபிறகுதான் எனக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. அந்தப் பிரிவைத் தாளில் அடித்து எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எஃப்.ஐ.ஆர். ஆனது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் சிவகங்கை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ என்கிற குறைதீர் இணையதளத்தில் பதிவு போட்டோம். அயலகத் தமிழர் நலத்துறைக்கு எழுதினோம். பாங்காக்கிலும் யாங்கோனிலும் இருக்கிற இந்தியத் தூதரகங்களுக்கு பாஸ்போர்ட் நகல், டிக்கெட், ஏஜென்ட் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் மெயில் செய்தோம். அந்த மெசேஜ்களைப் பிள்ளை போகும்முன் எனக்கு அனுப்பி வைத்திருந்தான். அதுதான் கடைசியில் ஆதாரமாக நின்றது.

இவன் ஒருத்தன் மட்டும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி மோசடி வேலைக்குப் பிடித்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. 2022 செப்டம்பரில் நம் வெளியுறவுத் துறை, தாய்லாந்து ஐ.டி. வேலை என்று வருகிற போலி ஏஜென்ட்களை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டது. மியாவடியில் சிக்கிய நம் தமிழ்ப் பிள்ளைகளை அந்த அக்டோபரிலேயே மீட்டுக் கொண்டுவந்தார்கள். இவ்வளவும் செய்தியில் வந்தது. என் கடையில் தினமும் பேப்பர் போடுகிறார்கள். நான் படித்திருக்கிறேன், யாரோ எங்கேயோ என்று மடித்து வைத்திருக்கிறேன்.

2025 பிப்ரவரி 5ஆம் தேதி தாய்லாந்து அந்த எல்லை ஊர்களுக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தியது. நெருக்கடி முற்றி, அங்கே எல்லையைக் கையில் வைத்திருக்கிற ஆயுதப் படையினர் 7,000 பேருக்கு மேல் வெளியே கொண்டுவந்தார்கள். மார்ச் 10ஆம் தேதி இந்திய விமானப்படை விமானம் மேசாட்டிலிருந்து 283 பேரை ஏற்றி வந்தது. அதில் எங்கள் பிள்ளையும் இருந்தான். தில்லி பக்கம் இறக்கி, விசாரணை முடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பல்லவனில் ராத்திரி காரைக்குடி ஸ்டேஷனில் வந்து இறங்கினான். போகும்போது 68 கிலோ, வரும்போது 51. எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, “மாமா, நானும் ஏமாத்திருக்கேன். ஒரு பெரியவர் ரிட்டயர்மென்ட் காசைப் போட்டாரு.” இன்னமும் அந்தப் பெரியவரை நினைத்துத் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறான். ஊரில் சிலர் இவனை மோசடிக் கும்பல்காரன் என்று பேசுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். துப்பாக்கி முனையில் செய்ய வைத்ததைச் செய்த பிள்ளை அவன். அவனும் பாதிக்கப்பட்டவன்தான்.

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், செட்டியார் கடைக்குச் சமையல் வேலைக்காகப் பர்மாவில் இருக்கிற மோல்மீன் போனவர். சண்டை வந்தபோது 1942இல் கால்நடையாகவே திரும்பி வந்தவர். அந்த மோல்மீனுக்கு நேர் கிழக்கேதான் மியாவடி. அந்தக் காலத்தில் செட்டியார் கடைக்குப் போகிற ஆளுக்குச் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். மூன்று வருஷக் கணக்கு, சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபிறகுதான் கப்பல் ஏறுவார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி ஓலைப் பெட்டியோடு போனவர்களிடம் இருந்த சீட்டு, ஸ்மார்ட்போனோடு போன எங்கள் பிள்ளையிடம் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே சீட்டைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் எண்ணை இ-மைகிரேட் இணையதளத்தில் போட்டால் ஏஜென்ட் யார், லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். “சென்னையில் இருக்கிற பெரிய ஏஜென்ட்டுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுக்கிறேன்” என்கிற துணை ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. எங்களிடம் வாங்கியது அதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். படித்த பிள்ளைக்கு அது தேவையில்லை. அதாவது டிகிரி முடித்தவனுடைய வேலைத் தாளைக் குடிபெயர்வு அனுமதிக்காக எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கிற நாம்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் 1800 11 3090, வெளியுறவுத் துறையின் இலவச உதவி எண். கூப்பிட்டுக் கேட்கலாம்.

ஏற்கெனவே பிள்ளை மாட்டிக்கொண்டிருந்தால் ஏஜென்ட்டிடம் சண்டை போட்டு நாளைக் கழிக்காதீர்கள், மீட்புப் பணம் என்று கேட்டால் தனியாகப் பேரம் பேசாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பணத்தைக் கட்டியது. பையனை வேறொரு வளாகத்துக்கு விற்றுவிட்டு மறுபடியும் கேட்டார்கள். அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். நாங்கள் வீணாக்கின அந்தப் பத்து நாளை நீங்கள் வீணாக்க வேண்டாம்.

மின்சாரத்தை நிறுத்தியதோடு இது ஓய்ந்துவிடவில்லை. அதே 2025 அக்டோபரில் கேகே பார்க் என்கிற மியாவடி வளாகத்தில் மியான்மர் ராணுவம் புகுந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஆற்றைத் தாண்டி மேசாட்டுக்கு ஓடிவந்தார்கள், அதிலும் நம் நாட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில். எங்கள் ஏஜென்ட் கைதாகி ஜாமீனில் வெளியே இருக்கிறார். முகப்பு ஆபீசைக் காலி செய்துவிட்டார். வேறு எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை.

போன வாரம் கல்லல் பக்கத்திலிருந்து ஒரு பையன் கடைக்கு வந்தான். லாவோஸில் வேலை, மாசம் 80,000, தாளைக் கலரில் அடிக்க வேண்டும் என்றான். இப்போது மாப்பிள்ளை என் கடையில்தான் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்காருகிறான். தாளை வாங்கிப் பார்த்தவன் அடிக்காமல் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினான். பையன் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு, பணம் அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டான். இன்னும் அனுப்பவில்லையாம்.

காரைக்குடிப் பக்கம் யாருக்காவது இப்படி ஒரு தாள் வந்திருந்தால், கம்ப்யூட்டர் சென்டர் எதற்காவது எடுத்துக்கொண்டு போய் அந்த லைசென்ஸ் எண்ணைத் தேடிப் பாருங்கள். எங்கள் கடைக்கு வந்தால் காசு வாங்க மாட்டோம். மாப்பிள்ளை பார்த்துச் சொல்வான்.