ஈக்வல்ஸ், ஹாஷ்கோட்: கையால் எழுதுவதா, லோம்போக்கா, ரெக்கார்டா?

ஜாவாவில் இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று சொல்வது ஈக்வல்ஸ் (equals) மெத்தட்; ஆப்ஜெக்டுக்கு ஓர் எண்ணைத் தருவது ஹாஷ்கோட் (hashCode). எங்கள் பில்லிங் ப்ராஜெக்டில் கையால் எழுதிய இந்த ஜோடிகளை எடுத்துவிட்டு, இரண்டையும் தானாகவே தரும் ரெக்கார்டு (record) என்ற கிளாஸ் வகைக்கு மாறிவிட்டேன். ரெக்கார்டு 2021-ல் ஜாவா 16-ல்தான் நிரந்தரமாகச் சேர்ந்தது. இன்னும் ஜாவா 8-ல் இருப்பவர்களுக்கு மற்ற இரண்டு வழிதான்: கையால் எழுதுவது, அல்லது இந்த மெத்தடுகளை உருவாக்கித் தரும் லோம்போக் (Lombok) லைப்ரரி.

ஈக்வல்ஸ் சமம் என்று சொன்னால் ஹாஷ்கோடும் சமமாக இருக்க வேண்டும். இந்த விதி எல்லோருக்கும் தெரியும். எழுதும் அன்று மூன்று வழியிலும் அது சரியாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த கிளாஸில் கை வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எங்களிடம் பொருள் குறியீடும் கிளை எண்ணும் சேர்ந்த ஒரு கீ கிளாஸ் இருந்தது. குறியீட்டைச் சிலர் சின்ன எழுத்தில் அடிக்கிறார்கள் என்று புகார் வந்தது. ஈக்வல்ஸில் மட்டும் எழுத்து வித்தியாசம் பார்க்காதபடி மாற்றினோம். ஹாஷ்கோட் பழையபடியே நின்றது. டெஸ்டில் இரண்டு கீயை நேராக ஒப்பிட்டால் ட்ரூ. லிஸ்டில் தேடினாலும் கிடைத்தது. கீயை வைத்து மதிப்பைத் தேடும் ஹாஷ்மேப்பில் விலை கேட்டால் மட்டும் நல் (null), அதாவது ஒன்றும் கிடைக்கவில்லை. ஹாஷ்மேப் முதலில் ஹாஷ்கோடை வைத்துத்தான் பக்கெட்டை, அதாவது தேட வேண்டிய அறையைப் பிடிக்கும்; ஹாஷ் ஒத்துப்போனால்தான் ஈக்வல்ஸையே கூப்பிடும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது.

இப்போது அதே கீ ஒரு ரெக்கார்டு. கன்ஸ்ட்ரக்டரிலேயே குறியீட்டைப் பெரிய எழுத்தாக்கிவிடுகிறோம். இரண்டு மெத்தடும் அந்த ஒரே மதிப்பிலிருந்து வருகின்றன. நாளை புதிதாக ஒரு ஃபீல்டு சேர்த்தாலும் இரண்டிலும் தானாகச் சேரும், மறக்க இடமே இல்லை. ஃபீல்டுகளும் ஃபைனல் என்பதால், செட்டில் போட்ட பிறகு கீயின் மதிப்பு மாறி அது தொலைந்துபோகும் பயமும் பெரும்பாலும் இல்லை. பெரும்பாலும் என்பதற்குக் காரணம் உண்டு: ரெக்கார்டுக்குள் லிஸ்ட் இருந்தால் அதை வெளியிலிருந்து மாற்ற முடியும், அதனால் காப்பி எடுத்து வையுங்கள். அரே வைத்தால் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் சமமாகாது. அப்புறம் தசம எண்களுக்கான பிக்டெசிமல் (BigDecimal): 2.0-வும் 2.00-வும் அதன் ஈக்வல்ஸுக்கு வேறு வேறு. விலையைக் கீயில் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

லோம்போக்கும் இரண்டையும் ஒரே ஃபீல்டுகளிலிருந்துதான் உருவாக்குகிறது, அந்த வகையில் நல்லதே. ஆனால் கிளாஸின் மேல் போடும் டேட்டா (@Data) அனோட்டேஷன் செட்டரையும் சேர்த்துக் கொடுக்கும், செட்டில் இருக்கும்போதே மதிப்பை மாற்றிவிடலாம். வேல்யூ (@Value) அனோட்டேஷன் போட்டால் அது நடக்காது. நான் லோம்போக்கை ஒரே ப்ராஜெக்டில்தான் பயன்படுத்தினேன், அதுவும் குறுகிய காலம். அதனால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ஜேபிஏ என்டிட்டிக்கு, அதாவது டேட்டாபேஸ் டேபிளோடு இணைந்த கிளாஸுக்கு, ரெக்கார்டு ஆகாது. அங்கே இன்னும் கையால்தான் எழுதுகிறோம். சேமிக்கும் வரை ஐடி நல் (null) என்று இருப்பதால் ஈக்வல்ஸில் ஐடியையும், ஹாஷ்கோடில் கிளாஸுக்கு ஒரு நிலையான எண்ணையும் வைத்திருக்கிறோம். ஒரு செட்டில் சில டஜன் என்டிட்டிகள் வரை சிக்கல் இல்லை. ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்த்ததில்லை. அந்த கிளாஸ்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த விதிகளைச் சோதிக்கும் ஈக்வல்ஸ்வெரிஃபையர் (EqualsVerifier) லைப்ரரியின் டெஸ்ட் ஒன்றும் வைத்திருக்கிறோம். ஹாஷ்கோட் நிலையான எண் என்பதால் அதில் ஸ்ட்ரிக்ட் ஹாஷ்கோட் எச்சரிக்கையை அணைக்க வேண்டியிருந்தது.