மேற்கு ஜன்னலில் ஒட்டிய ஃபிலிம்: மூன்று கோடைக்குப் பிறகு

கும்பகோணத்துக்குத் தெற்கே, வயலைப் பார்த்த வீடு எங்களுடையது. மேற்கு ஜன்னலோரம்தான் அம்மாவின் இடம். நாற்று நட்டதிலிருந்து அறுப்பு வரைக்கும் கண் வயலிலேயே இருக்கும். கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் வெயில் குறையும், வயலும் இருண்டுபோகும். அதனால்தான் வெளிச்சத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பை மட்டும் விழுங்குகிற ஃபிலிமுக்குப் போனேன்.

வெயில் கொண்டுவரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான். நான் ஒட்டியது, அதை விழுங்கும் சீசியம் டங்ஸ்டன் ஆக்சைடு என்ற வேதிப்பொருளின் துகள் கலந்தது. ஒளியின் அலைநீளத்தைவிடத் துகள் ரொம்பச் சிறியது என்பதால் கண்ணாடி பால் பூத்த மாதிரி மங்குவதில்லை. லேசாக நீலம் தட்டும். அம்மாவுக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது.

மகனுக்குத்தான் கஷ்டம். ஜன்னலுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் படுத்து, மூடிய கண்ணாடி வழியாகவே டிவி சேனல் மாற்றுவான். ஒட்டிய அன்று மாலை ரிமோட் செத்துவிட்டது என்று பேட்டரியைக் கழற்றிக் கழற்றிப் போட்டான். டிவி ரிமோட்டுகள் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் பேசுகின்றன. ஃபிலிம் அதையும் விழுங்கிவிட்டது. இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

சரி, விழுங்கிய வெப்பம் எங்கே போகும்? கண்ணாடியில்தான் ஏறும். சித்திரையில் நாலு மணிக்குக் கை வைத்தால், காபி ஊற்றிய டபராவைத் தொட்ட மாதிரி இருக்கும். அதில் ஒரு பங்கு வீட்டுக்குள்ளும் வரத்தான் செய்கிறது. உடம்பில் குத்தும் வெயில் போய்விட்டது, அறை குளிர்ந்துவிடவில்லை. ஏசியே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பியது என் தப்பு.

இரண்டாம் கோடையில் ஒரு கண்ணாடி விளிம்பிலிருந்து கீறல் விட்டது. மேல் பாதியில் சன்ஷேடு நிழல், கீழ்ப் பாதியில் சுள்ளென்று வெயில். சூடேறிய பக்கம் விரிய, மற்றது விரியாமல் நிற்க, சாதாக் கண்ணாடி தாங்கவில்லை. ஒட்ட வந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது அங்கே டஃபண்டு கண்ணாடி, அதாவது இந்தச் சூட்டு வித்தியாசத்தைத் தாங்கும்படி பதப்படுத்தியது.

ஐப்பசி மழையில் ஃபிலிமின் கீழ் ஓரம் விரற்கடை அளவு எழும்பியது. சோப்புத் தண்ணீர் தடவி அழுத்திப் பார்த்தேன், பிடிக்கவில்லை, பிளேடால் நறுக்கிவிட்டேன். மற்றபடி நிறம் மாறவில்லை.

கிழக்கு ஜன்னலுக்கு வாங்கவில்லை. அங்கே வேப்பமரம் இருக்கிறது.