சார்ல்ஸ்டவுன்: பழைய குருமடத்தில் முதியோர் குடியிருப்பு

எங்கள் வீட்டு மாடிப்படியும் மனைவியின் முழங்காலும் இனி ஒத்துப்போகாது என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு மாநிலத்தில். அதனால் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் பக்கம் கேட்டன்ஸ்வில்லில் இருக்கும் சார்ல்ஸ்டவுனைப் போய்ப் பார்த்தோம்.

இது முன்பு செயின்ட் சார்ல்ஸ் கல்லூரி. குருவாகப் போகிற பையன்கள் தங்கிப் படித்த கத்தோலிக்கக் குருமடம். சுல்பீசியன் என்ற சபையின் குருக்கள் நடத்தியது. 1848ல் எலிகாட் சிட்டி பக்கம் தொடங்கியது. பிற்பாடு பால்டிமோர் பேராயரான கர்தினால் கிப்பன்ஸ் படித்தது அங்கேதான். 1911ல் தீ விபத்தில் அது அழிந்துபோக, இங்கே வந்தார்கள். 1977ல் மூடினார்கள். ஜான் எரிக்சன் என்பவர் 1983ல் முதியோர் குடியிருப்பாகத் திறந்தார்.

நல்லவேளை, ஆலயத்தில் கை வைக்கவில்லை. பளிங்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாக அப்படியே இருக்கிறது, பூசையும் நடக்கிறது. நாங்கள் சிவன் கோயில்காரர்கள். ஆனாலும் வாசலில் மனைவி செருப்பைக் கழற்றக் குனிந்துவிட்டாள். புதிதாகக் கட்டிய முதியோர் இல்லங்களின் ஓட்டல் லாபி வாசனைக்கு இது எவ்வளவோ மேல்.

எனக்குப் பிடித்தது கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாதைகள். பனி கொட்டினாலும் கோட்டு போடாமல் டாக்டரிடமோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ போகலாம். ஆனால் இடம் நூறு ஏக்கருக்கு மேல், நடை நீளம். வீடு தேர்வு செய்யும்போது ஜன்னல் காட்சியில் மயங்காமல், லிஃப்ட் எவ்வளவு தூரம், சாப்பாட்டுக் கூடம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வீட்டுக்குள்ளேயே சமையலறை உண்டு, ரசத்துக்குக் கவலையில்லை. தாளிப்புக்குப் புகை அலாரம் என்ன சொல்லும் என்பது குடிபோனால்தான் தெரியும்.

அப்புறம் பணம். நுழையும்போது பெரிய முன்பணம், மேலே மாதக் கட்டணம். முன்பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கவர்ச்சி. எப்போது கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். இந்த மாதிரி இடங்களில் பெரும்பாலும் அடுத்த ஆள் வந்த பிறகுதான். ஜான் எரிக்சனின் நிறுவனம் 2009ல் கடன் சுமையால் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டு, பிறகு கைமாறியதும் நினைவிருக்கட்டும். நாங்கள் ஒற்றைப் படுக்கையறை வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒப்பந்தத்தை வக்கீல் படித்த பிறகுதான் செக்.